மூடிப்போன தொண்டு நிறுவனங்களை ஆராய்வது எப்படி? கடலூர், புதுச்சேரி கடற்கரை

கெடிலக்கரை:
வணக்கம். முழுநேர முனைவர் பட்ட ஆய்வு மாணவி நான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையிலும், வடக்கே புதுச்சேரி மீனவக் கிராமங்களிலும் வேலை செய்த தொண்டு நிறுவனங்களில் எவை நிலைத்தன, எவை மறைந்தன, ஏன் என்பதே என் தலைப்பு.

நிலைத்தவற்றைப் பற்றி எழுதுவதில் சிரமம் இல்லை. அலுவலகம் இருக்கிறது, இணையதளம் இருக்கிறது, வழவழப்பான ஆண்டறிக்கை இருக்கிறது, உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துப் பேச ஒருவர் இருக்கிறார். மறைந்தவை எனக்குக் கல்வெட்டுகளில்தான் கிடைக்கின்றன. மறுவாழ்வுக் குடியிருப்பு ஒன்றின் முகப்பில் கருங்கல் பலகை. அதில் நிதி கொடுத்த வெளிநாட்டு அமைப்பின் பெயர் இன்றும் வாசிக்க முடிகிறது. கட்டிக் கொடுத்த உள்ளூர் நிறுவனத்தின் பெயருக்கு மேல் யாரோ வெள்ளையடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டால், "அந்த ஜீப்புக்காரர்களா? வந்தார்கள், போனார்கள்" என்கிறார். என் ஆய்வின் பாதி அந்த வெள்ளைக்கு அடியில் இருக்கிறது.

வழிகாட்டியோ, "இருக்கிற நிறுவனங்களை எடுத்துக்கொள், முந்நூறு பயனாளிகளிடம் கேள்வித்தாளை நிரப்பு, மூன்றாம் ஆண்டு முடிவில் எழுத உட்கார்" என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. கரை சேர்ந்த படகுகளை மட்டும் எண்ணிவிட்டு அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்தது என்று எழுதுவதைப் போன்றது அது.

கேட்க வருவது இரண்டு. மூடிப்போன நிறுவனங்களின் காகிதங்கள் எங்கே கிடைக்கும்? ஒரு நிறுவனம் எந்த நாளில் மூடியது என்று எதை வைத்து முடிவு செய்வது?

புள்ளியியல் பிரியன்:
உங்கள் உள்ளுணர்வு சரி, புதிதல்ல. அமைப்புகளின் பிறப்பையும் இறப்பையும் மக்கள்தொகைக் கணக்கைப் போல எண்ண வேண்டும் என்று சமூகவியலாளர்கள் ஹன்னனும் ஃப்ரீமனும் 1977லேயே வாதிட்டார்கள். அதற்கும் முன்பு, 1965இல், புதிதாகப் பிறக்கும் அமைப்புகளே அதிகம் சாகின்றன என்று ஸ்டின்ச்கோம்ப் எழுதினார். சுனாமிக்கென்றே பிறந்த நிறுவனங்களையும், முன்பே இருந்து சுனாமிப் பணத்தில் திடீரென்று பெருத்த நிறுவனங்களையும் பிரித்துப் பார்த்தால் உங்களுக்கு நல்ல ஓர் இயல் கிடைக்கும். என் ஊகம், இரண்டாம் வகையில்தான் ஆச்சரியங்கள் இருக்கும்.

ஆனால் பின்னத்தின் பகுதி, அதாவது மொத்த எண்ணிக்கை, தெரியாமல் தொகுதியை மட்டும் வைத்து விகிதம் சொல்ல முடியாது. 2005இல் களத்தில் இருந்த அனைவரின் பட்டியல் முதலில் வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் வழிகாட்டி சொல்வதே பாதுகாப்பான வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் பாடநெறியையும் சேர்த்து ஆறு ஆண்டுதான். மறுபதிவில் மேலும் இரண்டு, பெண்களுக்கு இன்னும் இரண்டு சேரும் என்றாலும் இளநிலை ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றுவிடும். மீதிக் காலத்துக்குச் சோறு போடுவது யார் என்பதும் ஆய்வு முறையியல்தான்.

தணிக்கை மேசை:
நான் ஆய்வாளன் அல்ல. கடலூரில் ஒரு தணிக்கையாளரிடம் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். உங்கள் இரண்டாம் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அது சங்கமா அறக்கட்டளையா என்று பாருங்கள். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழு மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டு எது என்று கோப்பே சொல்லிவிடும். கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் கேட்கலாம்.

அறக்கட்டளை என்றால் நிலைமை வேறு. சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்ததோடு சரி, ஆண்டுக் கணக்கு எதையும் அவரிடம் தருவதில்லை. அசையாச் சொத்து இல்லாத அறக்கட்டளைப் பத்திரம் அவருடைய நான்காம் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான்காம் புத்தகத்தின் நகல் பத்திரம் எழுதியவருக்கும் உரிமை கோருபவருக்கும்தான். ஆய்வு மாணவி என்று அட்டையைக் காட்டினாலும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. முன்னாள் அறங்காவலர் ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் வீட்டு அலமாரியிலேயே ஒரு நகல் இருக்கும்.

எந்த நாளில் மூடியது என்று கேட்கிறீர்கள். எங்கள் மேசைக்கு வரும் கட்டுகளைப் பார்த்துச் சொல்கிறேன், அப்படி ஒரு நாள் கிடையாது. வருமான வரிக்கான தணிக்கை அறிக்கை ஓராண்டில் நிற்கும். வெளிநாட்டு நிதிக் கணக்கு வேறோர் ஆண்டில் நிற்கும். வங்கிக் கணக்கில் மட்டும் சில நூறு ரூபாய் கிடந்து வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 2021 ஏப்ரலில் வருமான வரி விலக்குக்கான 12ஏபி மறுபதிவு வந்தபோது எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பலர் வரவில்லை. அவர்கள் 2021இல் மூடினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். கதவு அதற்கு வெகு முன்பே பூட்டியாகிவிட்டது, சாவி தொலைந்ததை அன்றைக்குத்தான் துறை கவனித்தது.

முறையாகக் கலைப்பவர்கள் குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. சங்கத்தைக் கலைத்தால் மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குத்தான் போக வேண்டும். தீர்மானம், அறிவிப்பு, கடன் தீர்த்த சான்று என்று அலைய வேண்டும். அலைவதற்குச் சம்பளம் கொடுக்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சிதம்பரம் பகுதிநேரம்:
தணிக்கை மேசை ஐயா சொன்னதோடு வெளிநாட்டு நிதியைப் பற்றி ஒன்று. சுனாமி நேரத்தில் பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தைப் பெற்று, பதிவு பெற்ற சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பது சாதாரணம். அந்த வழி வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 செப்டம்பர் திருத்தத்தோடு அடைபட்டது: பெற்ற பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது, நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு, பணம் முதலில் வந்து சேரும் கணக்கு டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில். பரங்கிப்பேட்டையில் மூன்று பேரை வைத்து நடத்தும் நிறுவனத்துக்கு இது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என்றாலும் எல்லாச் சாவையும் அந்தத் திருத்தத்தின் தலையில் கட்டாதீர்கள். கருத்தரங்குகளில் இப்போது அதுதான் வழக்கமாகிவிட்டது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை என்று 2015லேயே நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு நிதிப் பதிவுகள் ரத்தாயின. அதற்கும் முன்பே வீடு கட்டி முடித்ததும் பணம் வற்றிவிட்டது. உங்கள் பகுதியில் பெரும்பான்மை அந்த முதல் வறட்சியில் போனவையாகத்தான் இருக்கும்.

இன்னொரு தொல்லை. ரத்தான நிறுவனங்களின் பட்டியலும் பழைய ஆண்டுக் கணக்குகளும் முன்பு உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தன. 2022 ஜூலையில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு பதிவிறக்கி வைத்திருக்கும் மூத்த மாணவர் யாராவது அகப்படுகிறாரா என்று விசாரியுங்கள். இப்போதைக்கு நம் துறையின் ஆவணக் காப்பகம் என்பது யாரோ ஒருவருடைய பென்டிரைவ்.

ஓய்வுபெற்ற வருவாய்:
புள்ளியியல் தம்பி கேட்ட பட்டியல் இருந்தது. 2005 ஜனவரி 13ஆம் தேதி அரசாணை எண் 25இன்படி, நிரந்தர வீடு கட்ட முன்வரும் தொண்டு நிறுவனம் மாவட்ட நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். எந்தக் கிராமம், எத்தனை வீடு, எவ்வளவு செலவு, எல்லாம் அதில் வரும். ஒப்பந்தம் போட்டவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்பதை மறக்க வேண்டாம். வலை கொடுத்தவர்கள், குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியவர்கள் அதில் இல்லை. ஆனாலும் தொடங்குவதற்கு அது போதும்.

இப்போது அது கிடைக்குமா என்பது கோப்பு எந்த வகையில் முடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கள் அலுவலக நடைமுறையில் முடித்த கோப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்குக் குறியீடு உண்டு: எல்.டிஸ் ஓராண்டு, கே.டிஸ் மூன்றாண்டு, டி.டிஸ் பத்தாண்டு, ஆர்.டிஸ் நிரந்தரம். கோப்பை முடிக்கும்போது எழுத்தர் போடும் அந்த ஓரெழுத்தில் உங்கள் ஆய்வு தொங்குகிறது. டி.டிஸ் என்று போட்டிருந்தால் சுனாமிக் கோப்பு அழிக்கப்படும் காலம் கடந்து வெகு நாளாகிறது. நில மாற்றம் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் ஆர்.டிஸ். ஆகவே "தொண்டு நிறுவனக் கோப்பு" என்று கேட்காமல், மறுவாழ்வுக் குடியிருப்புக்கு நிலம் எடுத்த கோப்பைக் கேளுங்கள். ஒப்பந்த நகல் அதற்குள்ளேயே கோத்திருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதும்போது "ஏன்" என்ற சொல்லே மனுவில் வரக்கூடாது. காரணமும் கருத்தும் கேட்டால் பொதுத் தகவல் அலுவலர் ஒரு வரியில் திருப்பிவிடுவார், அது அவருக்கு வசதி. நகல் கேளுங்கள், அதைவிட நல்லது, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது, மாணவர்கள் பயன்படுத்துவதில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டணவில்லை ஒட்டி அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

முத்தியால்பேட்டை:
புதுவைப் பக்கம் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இங்கே சங்கப் பதிவு 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி. இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குப் போகாது. நமக்கென்று மாநிலத் தகவல் ஆணையம் இல்லாததால் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். பாகூர்ப் பக்கம் எல்லை எப்படி வளைந்து நெளிந்து போகிறது என்று தெரியுமல்லவா? புதுவையில் பதிந்துகொண்டு கடலூர் மாவட்டக் கிராமத்தில் வேலை செய்த நிறுவனங்கள் உண்டு. உங்கள் பட்டியலில் ஒன்றே இரண்டு முறை வரும், அல்லது இரண்டிலும் வராமல் போகும்.

ஆட்சியமைப்பிலும் பெரிய வித்தியாசம். புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு ஊரக உள்ளாட்சி அமைப்புகளான கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்துகிறார்கள். வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில் தொண்டு நிறுவனம் யாரிடம் போய் நிற்கும்? மீனவர்களின் மரபான ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும். அந்த இருவரோடும் உறவு முறிந்தால் பணம் இருந்தும் நிறுவனம் மூடிவிடும். இந்தக் காரணம் எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

மறையாமல் உருமாறியவற்றையும் பாருங்கள். வில்லியனூரை மையமாக வைத்து 1998 முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையங்களில் நல்லவாடும் ஒன்று. சுனாமி அன்று அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்ததால் ஊரார் தப்பினார்கள் என்பது எல்லோரும் மேற்கோள் காட்டும் செய்தி. நான் கேட்பது வேறு. அதே போன்ற ஒலிபெருக்கி மற்ற ஊர்களில் இன்று யாருடைய பொறுப்பில் இருக்கிறது, மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? இதை எழுதிய ஆய்வேட்டை நான் பார்க்கவில்லை.

பழைய களப்பணியாளர்:
என் மகள் இந்த இழையைக் காட்டினாள். படித்தவர்கள் எல்லோரும் கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள்.

நான் சுனாமி வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்து, எங்கள் நிறுவனம் நிற்கும்வரை களப்பணியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். மூடுகிறோம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. முதலில் சம்பளம் மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாத நடுவுக்குப் போயிற்று. பிறகு பயணப்படி நின்றது, பஸ்ஸுக்குக் கைக்காசு. பிறகு ஜீப் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள், அது திரும்பவே இல்லை. ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனபோது வீட்டுக்காரர் பூட்டை மாற்றியிருந்தார். உள்ளே இருந்த கணினியை வாடகைப் பாக்கிக்கு எடுத்துக்கொண்டார். இயக்குநர் அதன் பிறகும் சில கருத்தரங்குகளில் அதே நிறுவனத்தின் பெயரில் பேசினார் என்று செய்தித்தாளில் பார்த்தேன்.

பூட்டு மாற்றிய பிறகும் நான் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வங்கிக் கடன் நடுவில் நிற்கிறது, நான் போகாவிட்டால் பெண்களை மேலாளர் மிரட்டுவார். ஒரு குழுவின் தீர்மானப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பாதிப் பக்கங்களில் எங்கள் நிறுவனத்தின் ஊதா முத்திரை. நடுவில் சில பக்கங்களில் முத்திரையே இல்லை, என் கையெழுத்து மட்டும். கடைசியில் ஊராட்சிக் கூட்டமைப்பின் முத்திரை. தலைவி அதே பெண், சேமிப்பும் அதே தொகை. இதில் எது செத்தது என்று எழுதுவீர்கள், தங்கச்சி?

அன்றைக்கும் உங்களைப் போன்ற மாணவர்கள் வந்தார்கள். "பயன் அடைந்தீர்களா? மிகவும், ஓரளவு, இல்லை." நாங்களே பெண்களை வரிசையாக உட்கார வைத்து "மிகவும்" என்று டிக் போடச் சொல்லிக் கொடுத்தோம். போடாவிட்டால் அடுத்த தவணை வராது என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

புள்ளியியல் பிரியன்:
அக்கா, கடைசிப் பத்திக்கு நன்றி. அந்தக் கேள்வித்தாள்களை நம்பி எழுதப்பட்ட எத்தனை ஆய்வேடுகள் நூலகங்களில் இருக்கின்றனவோ!

ஆனால் கெடிலக்கரைக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. அக்கா சொல்வதை ஏற்றால் உங்கள் ஆய்வின் அலகு எது? நிறுவனம் என்றால் பூட்டு மாறிய அன்றைக்கு அது முடிந்தது. வேலை என்றால் அது முடியவே இல்லை. இரண்டையும் கலந்து எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.

சிதம்பரம் பகுதிநேரம்:
அந்த முத்திரை இல்லாத பக்கங்களுக்குப் பின்னால் ஒரு கொள்கை மாற்றம் இருக்கிறது. தமிழக அரசின் மகளிர் திட்டம் தொடக்கத்தில் தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. பிறகு ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள், அதன் பிறகு ஊரக வாழ்வாதார இயக்கம் என்று அரசே நேரடியாக இறங்கியது. குழுவுக்கும் வங்கிக்கும் நடுவில் நின்ற நிறுவனத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. இதைத் தோல்வி என்று எழுதுவதா, அரசு கையில் எடுத்துக்கொண்டது என்று எழுதுவதா? அக்காவின் இயக்குநர் பணத்தைச் சரியாகக் கையாண்டிருந்தாலும் அந்த நிறுவனம் இந்த வேலையை இழந்திருக்கும் என்பது என் எண்ணம். பெயர்களை வெளிப்படையாகவே எழுத வேண்டும் என்பதும் என் கருத்து. மக்கள் பெயரைச் சொல்லி வாங்கிய பணம், மறைக்க என்ன இருக்கிறது?

பழைய களப்பணியாளர்:
தம்பி, இயக்குநரின் பெயரை எழுதினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் சென்னையில் இருக்கிறார். ஊரில் இருப்பவர்கள் நாங்கள். "அந்த நிறுவனத்துப் பெண்" என்று எழுதினாலே எங்கள் தெருவில் யாரென்று தெரிந்துவிடும். குடும்பத் தலைவனான ஆணுக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியோடு சேர்த்து நிவாரணப் பங்கையும் பேசிய ஊரில், விதவைகளுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் பங்கு கேட்டுச் சண்டை போட்டது நான்தான். தலைக்கட்டில் வராதவர்களுக்கு எதற்கு என்றார்கள். அன்று என்னோடு மல்லுக்கு நின்றவர்களின் வீட்டுத் திருமணத்துக்கு இன்றைக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். அதையும் யோசித்து எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை:
அக்கா சொல்வதை வெறும் நெறிமுறைப் படிவமாகக் கடந்துவிட வேண்டாம். ஊர்ப் பெயரை மாற்றுவது போதாது. "கடலூருக்குத் தெற்கே, தொழிற்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மீனவக் கிராமம்" என்று எழுதிவிட்டால் மறைத்த பெயருக்கு அர்த்தமே இல்லை. நிறுவனத்தின் காகிதங்களை ஓர் இயலிலும், ஊழியர்களின் பேச்சை வேறோர் இயலிலும் வைத்து, இரண்டையும் இணைக்கும் ஊர், ஆண்டு விவரங்களை எடுத்துவிடுங்கள். ஆய்வேடு கொஞ்சம் மெலியும்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே முடிவு நாள் தேடுவதை விட்டுவிட்டு, கடைசித் தணிக்கை, கடைசிச் சம்பளம், பதிவாளரிடம் கடைசித் தாக்கல், குழுக்களுக்கு ஊழியர் கடைசியாகப் போனது என்று தனித்தனியாகக் குறிக்கப் போகிறேன். அக்காவின் கணக்கில் பார்த்தால் சம்பளம் நின்ற பிறகும் வேலை நடந்திருக்கிறது. அந்த இடைவெளியில் யாருடைய உழைப்பில் திட்டம் ஓடியது என்பதே என் ஆய்வின் கேள்வியாக மாறுகிறது. புள்ளியியல் அண்ணன் கேட்ட அலகு, நிறுவனம்தான். ஆனால் அது ஒரே நாளில் சாவதில்லை என்று முதல் இயலிலேயே சொல்லிவிடுவேன்.

பெயர்கள் வராது. சிதம்பரம் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்கா, தீர்மானப் புத்தகத்தைப் படம் எடுக்க மாட்டேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும்.

சிதம்பரம் பகுதிநேரம்:
கோபம் இல்லை, கருத்தும் மாறவில்லை. இயக்குநர்களின் பெயரையாவது போடலாம்.

புள்ளியியல் பிரியன்:
முந்நூறு கேள்வித்தாளையும் கைவிட வேண்டாம் என்பேன். பயனாளிகளுக்குப் பதிலாக அன்றைய களப்பணியாளர்களைத் தேடிப் பிடித்து, எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார்கள், எப்போது சம்பளம் நின்றது, அடுத்து எங்கே போனார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒருவரே மூன்று நிறுவனங்களில் இருந்திருப்பார். மூன்றின் முடிவும் அவரிடமிருந்தே கிடைக்கும். வழிகாட்டிக்கும் அட்டவணை கிடைக்கும். முந்நூறு வராது, அறுபது வந்தாலே பெரிது.

பழைய களப்பணியாளர்:
அறுபது பேரை நானே காட்டுவேன். பாதிப் பேர் இப்போது காப்பீட்டு முகவர்கள். மாலையில் வாருங்கள், காலையில் எல்லோரும் வசூலுக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்:
நிலம் எடுத்த கோப்புக்கு மனு எழுதும்போது வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போடுங்கள். குடியிருப்பின் பெயரை மட்டும் போட்டால் "அப்படி ஓர் ஊர் பதிவேட்டில் இல்லை" என்று பதில் வரும். அந்த நகர்களுக்கெல்லாம் நிதி கொடுத்தவர்கள் வைத்த பெயர், எங்கள் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ஏறியிருக்காது.